“ஆபரேஷன் தாங்காது” என்று சொன்ன பிறகு: நெஞ்சைத் திறக்காமல் இதய வால்வு மாற்றுவது

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்து, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)



இன்னைக்கு எபிசோடை திருச்சி மலைக்கோட்டையில இருந்து ஆரம்பிக்கிறேன். போனவங்களுக்குத் தெரியும், நானூறுக்கும் மேல படிகள். கீழே மாணிக்க விநாயகர், நடுவுல தாயுமானவர், உச்சியில பிள்ளையார். எங்க தாத்தா, அம்மாவோட அப்பா, ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் மாசம் ஒரு தடவை உச்சி வரைக்கும் ஏறுவார். சின்ன வயசுல நான் அவர் பின்னாடி ஓடுவேன், பாதியில மூச்சு வாங்கி உட்கார்ந்துடுவேன். அவர் நின்னு சிரிப்பார்.

2007 வாக்குல அவர் தாயுமானவர் சன்னதியோட திரும்ப ஆரம்பிச்சார். “இங்கேயும் சாமிதானே இருக்கு”ன்னு சொல்வார். 2008-ல மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுட்டு அடிவாரத்துலயே திரும்பிடுவார். நாங்க யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல. வயசு 78. “வயசாயிடுச்சு, மூச்சு வாங்கத்தான் செய்யும்”னு பாட்டி சொன்னாங்க, நாங்களும் தலையாட்டினோம்.

2009 நவம்பர்ல ஒரு காலையில கொல்லைப்புறத்துல இருந்து படியேறி வரும்போது மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சுல வெச்சு, கொஞ்ச நேரம் கேட்டுட்டு, உடனே எக்கோ எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வந்ததும் எங்களைக் கூப்பிட்டு ரெண்டு விஷயம் சொன்னார். ஒண்ணு, “இதயத்துல ஒரு வால்வு ரொம்ப சுருங்கியிருக்கு, மாத்தணும்.” இன்னொண்ணு, “ஆனா இவர் உடம்பு ஆபரேஷன் தாங்காது.” தாத்தாவுக்கு சிறுநீரகம் பலவீனம். முப்பது வருஷம் சிகரெட் பிடிச்ச நுரையீரல். டாக்டர் சொன்னது நேர்மையான பதில்தான். அன்னைக்கு அவர்கிட்ட வேற பதில் இல்லை.

எட்டு மாசத்துல தாத்தா போயிட்டார்.

இன்னைக்கு அதே எக்கோ ரிப்போர்ட்டோட, அதே வயசுல ஒருத்தர் போனா, “ஆபரேஷன் தாங்காது” என்பதோட பேச்சு முடியாது. அதுக்கு அப்புறம் ஒரு வாக்கியம் இருக்கு. அந்த ரெண்டாவது வாக்கியம் எப்படி வந்தது, அதுல என்ன உண்மை, என்ன எச்சரிக்கைன்னுதான் இந்த எபிசோட்ல பேசப்போறோம்.

ஒரு ரூபாய் நாணயம், ஒரு சட்டைப் பட்டன்

முதல்ல வால்வு. இதயத்துல நாலு வால்வு இருக்கு. ரத்தம் ஒரே திசையில போகணும், திரும்பி வரக்கூடாது. அதுக்கான கதவுகள் அவை. இதுல இதயத்தின் இடது கீழறைக்கும் பெருந்தமனிக்கும் நடுவுல இருக்கிறதுதான் அயோர்டிக் வால்வு. மூளை, சிறுநீரகம், கால் விரல் நுனி வரைக்கும் போற ரத்தம் முழுக்க இந்த ஒரு வாசல் வழியாத்தான் வெளியே போகும். மூணு மெல்லிய இதழ்கள், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் தடவை திறந்து மூடும். அதுவும் எழுபது, எண்பது வருஷம், லீவே இல்லாம.

வயசாக ஆக அந்த இதழ்கள்ல கால்சியம் படியும். வீட்டுல உப்புத் தண்ணி வர்ற பைப்புல வெள்ளையா படியுமே, பார்க்க கிட்டத்தட்ட அப்படித்தான். இதழ்கள் தடித்து, விறைத்து, முழுசாத் திறக்க முடியாமப் போகும். நல்ல வால்வு திறக்கும்போது அந்த வாசலின் பரப்பு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர். சுமாரா நம்ம ஒரு ரூபாய் நாணயம் அளவு. நோய் தீவிரமாகும்போது அது 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போயிடும். அதாவது சட்டைப் பட்டன் அளவு. உடம்பு முழுக்கப் போக வேண்டிய ரத்தம் ஒரு பட்டன் ஓட்டை வழியா போகணும்.

இதயம் உடனே தோத்துப் போகாது. இன்னும் அழுத்தித் தள்ளும், அதுக்காகத் தசை தடிக்கும். பல வருஷம் இப்படியே சமாளிக்கும். அதனாலதான் இந்த நோய் ரொம்ப நாள் வெளியே தெரியறதே இல்லை. ஒரு கட்டத்துல சமாளிக்க முடியாமப் போகும்போது மூணு அறிகுறி வரும்: நடந்தா மூச்சு வாங்குறது, நெஞ்சுல இறுக்கம் அல்லது வலி, வேலை செய்யும்போது தலைசுற்றல் அல்லது மயக்கம். இதுல ஏதாவது ஒண்ணு வந்துட்டா கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். வால்வை மாத்தாம விட்டா, சராசரியா ரெண்டு மூணு வருஷம்தான்.

அந்தக் கால்சியத்தைக் கரைக்க இன்னைக்கு வரைக்கும் மாத்திரை கிடையாது. மாத்திரை மூச்சுத்திணறலைக் கொஞ்சம் குறைக்கும். கதவைத் திறக்காது.

இது தாத்தா பாட்டி விஷயம்னு நினைச்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க. நூத்துல ஒண்ணு ரெண்டு பேர் மூணு இதழுக்குப் பதிலா ரெண்டு இதழோட பிறக்கிறாங்க. அவங்களுக்கு இதே சுருக்கம் பத்து இருபது வருஷம் முன்னாடியே வரலாம். அது குடும்பத்துல வழிவழியாவும் வரலாம். ஆக, வீட்டுல ஒருத்தருக்கு ரெண்டு இதழ் வால்வுன்னு தெரிஞ்சா, மத்தவங்களும் ஒரு எக்கோ எடுத்துப் பார்க்கிறது நல்லது.

“ஹை ரிஸ்க்” என்றால் என்ன?

வால்வு கெட்டா மாத்தணும். இது புதுசு இல்லை, 1960-லயே பண்ணியிருக்காங்க. மார்பெலும்பை நீளவாக்கில் பிளந்து, ரத்தத்தை ஹார்ட்-லங் மெஷினுக்கு மாத்திவிட்டு, இதயத்தை நிறுத்தி, கெட்ட வால்வை வெட்டி எடுத்து, புதுசைத் தைப்பாங்க. திடகாத்திரமான ஆளுக்கு இது அருமையான ஆபரேஷன். இன்னைக்கும் பலருக்கு இதுதான் சரியான வழி.

பிரச்சினை என்னன்னா, இந்த நோய் வர்ற வயசுல பாதிப் பேருக்கு உடம்புல வேற ஏதாவது இருக்கும். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர்கள் ஒரு கணக்குப் போடுவாங்க. எஸ்.டி.எஸ் ஸ்கோர்னு பேர். வயசு, சிறுநீரகம், நுரையீரல், சர்க்கரை, முன்னாடி நடந்த ஆபரேஷன்கள் எல்லாத்தையும் போட்டா, ஆபரேஷனால 30 நாளுக்குள்ள இறக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம்னு வரும். 4-க்குக் கீழே இருந்தா ரிஸ்க் குறைவு. 8-க்கு மேலே போனா ஹை ரிஸ்க்.

ஆனா எண் மட்டும் முழுக் கதையையும் சொல்லாது. அதனால சில இடங்கள்ல ஒரு எளிய பரிசோதனை பண்றாங்க. அஞ்சு மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்துல நடக்கச் சொல்வாங்க. ஆறு நொடிக்கு மேல ஆனா, உடம்பு தளர்ந்திருக்குன்னு ஒரு குறி. கையால ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்வாங்க. தானா குளிக்கிறாரா, தானா சாப்பிடுறாரான்னு கேட்பாங்க. பல கோடி ரூபாய் ஸ்கேன் மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரியில, ஒரு முக்கியமான முடிவுக்கு அஞ்சு மீட்டர் நடையும் ஒரு ஸ்டாப்வாட்சும் உதவுது.

ஒரு பன்றி இதயமும் ஒரு பிரெஞ்சு டாக்டரும்

நெஞ்சைத் திறக்காம வால்வை உள்ளே கொண்டு போக முடியுமா? இந்த யோசனை ரெண்டு இடத்துல, கிட்டத்தட்ட ஒரே காலத்துல வளர்ந்தது.

பிரான்ஸ்ல ரூவான் நகரம். அங்கே அலன் கிரிபியேன்னு ஒரு இதய மருத்துவர். 1985-ல அவர், ஆபரேஷன் பண்ண முடியாத நோயாளிகளுக்கு, ரத்தக்குழாய் வழியா ஒரு பலூனை அனுப்பி, சுருங்கின அயோர்டிக் வால்வுக்குள்ள வெச்சு ஊதிப் பார்த்தார். வால்வு திறந்தது. நோயாளிகள் எழுந்து நடந்தாங்க. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா சில மாசத்துலயே வால்வு பழையபடி சுருங்கிடுச்சு. பலூனை எடுத்ததும் கதவு மெல்ல மூடிக்குது. அப்போ கதவைத் திறந்தே வெச்சிருக்க உள்ளே ஒரு சட்டம் வேணும்.

இன்னொரு பக்கம் டென்மார்க். ஹென்னிங் ருட் ஆண்டர்சன்னு ஒரு இளம் டாக்டர். 1989 தொடக்கத்துல அமெரிக்காவின் அரிசோனாவுல ஒரு கூட்டத்துக்குப் போறார். அங்கே ஹூலியோ பால்மாஸ், ரத்தக்குழாய்க்குள்ள வைக்கிற ஸ்டென்ட் பத்திப் பேசுறார். கேட்டுக்கிட்டு இருந்த ஆண்டர்சனுக்கு ஒரு பொறி தட்டுது: இதையே பெருசாப் பண்ணி, உள்ளே ஒரு வால்வைத் தைச்சா? ஊருக்கு வந்ததும் கசாப்புக் கடையில பன்றி இதயங்களை வாங்கி, அதிலிருந்து வால்வை எடுத்து, கையால வளைச்ச கம்பி வளையத்துக்குள்ள தைச்சார். அதே வருஷம் மே 1-ம் தேதி உயிருள்ள ஒரு பன்றிக்குள்ள அதை வெச்சார். வேலை செஞ்சது. கட்டுரையா எழுதி அனுப்பினா, முதல்ல பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. 1992-லதான் அச்சுல வந்தது.

மனுஷனுக்கு இது சரிப்படாதுன்னு பலரும் நினைச்சதுக்குக் காரணம் இருந்தது. அயோர்டிக் வால்வு இருக்கிற இடம் ரொம்ப நெருக்கடியான இடம். சரியா மேல, இதயத்துக்கே ரத்தம் குடுக்கிற கரோனரி குழாய்களின் வாய். சரியா கீழ, துடிப்பைக் கடத்துற மின் பாதை. பக்கத்துலயே இன்னொரு வால்வு. சில மில்லிமீட்டர் தவறினா ஆள் மேஜையிலயே போயிடுவார். கிரிபியே இறந்தவங்களோட இதயங்கள்ல ஸ்டென்ட்டை வெச்சுப் பார்த்து, அது கால்சியத்துல பிடிச்சு நிக்கும்னு காட்டினார். அப்படியும் பெரிய கம்பெனிகள் பணம் போட முன்வரலை. கடைசியில 1999-ல அவரும் சில நண்பர்களும் சேர்ந்து சின்னதா ஒரு கம்பெனி தொடங்கினாங்க. இஸ்ரேல் பொறியாளர்கள் அந்த வால்வைச் செஞ்சாங்க.

2002 ஏப்ரல் 16. ரூவான்ல 57 வயசு ஆள் ஒருத்தர் கிட்டத்தட்ட மரணப் படுக்கையில. வால்வு சுருங்கி, இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாம அதிர்ச்சி நிலைக்குப் போயிட்டார். அறுவை மருத்துவர்கள் ஆபரேஷன் முடியாதுன்னு மறுத்துட்டாங்க. பலூன் வெச்சும் பலன் நிக்கலை. கால் தமனிகள் அடைச்சிருந்ததால அந்த வழியாவும் போக முடியாது. கிரிபியே குழு தொடையில இருக்கிற சிரை வழியா ஏறி, இதயத்தின் வலது பக்கம் போய், நடுச்சுவரைத் துளைச்சு இடது பக்கம் வந்து, அங்கிருந்து அயோர்டிக் வால்வுக்குள்ள புது வால்வை நிறுத்தினாங்க. சுத்தி வளைச்சு வந்த வழிதான். ஆனா ரத்த அழுத்தம் ஏறிச்சு. உலகத்துல முதல் தடவையா, நெஞ்சைத் திறக்காம ஒரு மனுஷனுக்கு அயோர்டிக் வால்வு மாத்தியாச்சு.

அவர் நாலு மாசம் கழிச்சு இறந்துட்டார். வால்வு கெட்டுப்போனதால இல்லை, அவருக்கு இருந்த மத்த நோய்களால. இதை நான் சொல்லாம விட்டிருக்கலாம், கதை இன்னும் அழகா இருந்திருக்கும். ஆனா இந்த எபிசோடோட மையமே இதுதான். வால்வு ஜெயிச்சது, ஆள் பிழைக்கலை. இந்த ரெண்டும் ஒண்ணு இல்லை. கடைசியில இதுக்குத் திரும்ப வருவோம்.

இன்னைக்கு எப்படிப் பண்றாங்க?

இந்தச் சிகிச்சைக்கு டாவின்னு பேர். அமெரிக்கர்கள் டாவர்னு சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

முதல் வேலை சி.டி ஸ்கேன். வால்வு வளையத்தின் சுற்றளவு, கால்சியம் எங்கெல்லாம் இருக்கு, கரோனரி வாய் எவ்வளவு உயரத்துல இருக்கு, தொடைத் தமனி எவ்வளவு அகலம், எங்கே வளையுதுன்னு எல்லாத்தையும் மில்லிமீட்டர் கணக்குல அளப்பாங்க. வால்வு சின்னதாப் போனா நழுவும், பெருசாப் போனா வளையத்தைக் கிழிக்கும். டெய்லர் கடை மாதிரி, அளவு சரியா இருந்தாத்தான் மத்தது எல்லாம்.

வால்வு எதால ஆனது? ஒரு உலோக வலைச் சட்டம், அதுக்குள்ள மாடு அல்லது பன்றியின் இதயத்தைச் சுத்தி இருக்கிற மெல்லிய உறையில இருந்து வெட்டித் தைச்ச மூணு இதழ். நம்ம ஊர்ல சில வீடுகள்ல இதைக் கேட்டதும் தயக்கம் வரும். அதை முன்னாடியே டாக்டர்கிட்ட வாய்விட்டுப் பேசிடுங்க, கடைசி நிமிஷத்துல வேண்டாம்.

ஆபரேஷன் அன்னைக்கு, பெரும்பாலும் முழு மயக்கம் இல்லை. தொடை இடுக்குல மரத்துப்போக ஊசி, கொஞ்சம் தூக்க மருந்து. தமனியில ஒரு துளை. அது வழியா ஒரு கம்பி, இதயம் வரைக்கும். அந்தக் கம்பி மேல, பலூனைச் சுத்தி இறுக்கிச் சுருட்டின வால்வு ஏறும். ஆரம்ப காலத்துல அதுக்கான குழாய் 8 மில்லிமீட்டர் அகலம், அது நுழையற அளவுக்குப் பலரோட தமனி பெருசா இல்லை. இப்போ 5 மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்கள் வந்தாச்சு.

வால்வு இடத்துக்கு வந்ததும் ஒரு விநோதமான விஷயம் பண்ணுவாங்க. இதயம் துடிச்சுக்கிட்டே இருந்தா, வெளியே பாயற ரத்தம் பலூனைத் தள்ளிவிட்டுடும். அதனால ஒரு மின்கம்பி வழியா இதயத்தை நிமிஷத்துக்கு 180-க்கு மேல துடிக்க வைப்பாங்க. அவ்வளவு வேகத்துல துடிச்சா இதயம் ரத்தத்தைத் தள்ளாது, நடுங்கிக்கிட்டு மட்டும் இருக்கும். அந்தச் சில நொடிக்குள்ள பலூனை ஊதி, வால்வை விரிச்சு, பலூனைச் சுருக்கி எடுத்துடணும். புது வால்வு முதல் துடிப்புலயே வேலையை ஆரம்பிச்சிடும். பலூன் இல்லாம தானா விரியற நிட்டினால் வகை வால்வும் இருக்கு.

பழைய வால்வு எங்கே போச்சு? எங்கேயும் போகலை. அது ஓரமா, சுவரோட நசுங்கி நிக்கும். புது வால்வைப் பிடிச்சு நிறுத்துறதே பழசுல இருக்கிற அந்தக் கால்சியம்தான். நோயை உண்டாக்கின கால்சியமே கடைசியில தாங்குற தூணா ஆகுது.

எல்லாம் சரியாப் போனா, பலர் மறுநாளே நடப்பாங்க, சில நாள்ல வீட்டுக்கு.

பாதிக்குப் பாதி

இது உண்மையிலேயே உயிரைக் காப்பாத்துதான்னு எப்படித் தெரியும்? பார்ட்னர்னு ஒரு பெரிய ஆய்வு. ஆபரேஷனே முடியாதுன்னு அறுவை மருத்துவர்கள் கைவிட்ட 358 பேர். சராசரி வயசு 83. பாதிப் பேருக்கு டாவி, மீதிப் பாதிக்கு அன்னைக்கு வழக்கமா இருந்த சிகிச்சை: மருந்து, பலருக்கு பலூன். யாருக்கு எதுங்கறதைக் குலுக்கல் மாதிரி முடிவு பண்ணாங்க.

ஒரு வருஷம் கழிச்சு, வழக்கமான சிகிச்சை பெற்றவங்கள்ல 50.7 சதவீதம் பேர் இறந்திருந்தாங்க. டாவி பெற்றவங்கள்ல 30.7 சதவீதம். அதாவது அஞ்சு பேருக்கு டாவி பண்ணா, அந்த ஒரு வருஷத்துல ஒரு உயிர் கூடுதலாப் பிழைக்குது. மருத்துவத்துல இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம்.

இந்த முடிவு வெளியானது 2010 செப்டம்பர்ல. தாத்தா இறந்தது அதே வருஷம் ஜூலை. நான் இதைப் படிச்சது ரொம்ப வருஷம் கழிச்சுத்தான். படிச்சப்போ அந்த 50.7-ஐயே பார்த்துக்கிட்டு இருந்தேன். அந்த எண்ணுக்குள்ள இருக்கிறவங்க யார்னு எனக்குத் தெரியும். சாயந்திரம் திண்ணையில உட்கார்ந்து, ரெண்டு வார்த்தைக்கு நடுவுல ஒரு மூச்சு எடுத்துப் பேசுறவங்க. ஐரோப்பாவுல 2007-லயே இதுக்கு அனுமதி கிடைச்சிருந்தது. ஆனா திருச்சியில ஒரு குடும்பத்துக்கு அது எட்டுற தூரத்துல இல்லை.

இன்னொரு பிரிவுல, ஆபரேஷன் பண்ணலாம், ஆனா ரிஸ்க் ரொம்ப அதிகம்னு சொன்ன 699 பேர். இவங்கள்ல பாதிப் பேருக்கு டாவி, பாதிப் பேருக்குத் திறந்த அறுவை. ஒரு வருஷத்துல இறப்பு 24.2, 26.8 சதவீதம். கிட்டத்தட்ட சமம். 2011 நவம்பர்ல அமெரிக்காவுல முதல் அனுமதி, ஆபரேஷனே முடியாதவங்களுக்கு. அடுத்த வருஷம் ஹை ரிஸ்க், 2016-ல நடுத்தர ரிஸ்க், 2019-ல ரிஸ்க் குறைவானவங்களுக்கும். இந்தியாவுலயும் இப்போ பெரிய நகரங்கள்ல நடக்குது. குஜராத் வாபியில இருக்கிற மெரில் கம்பெனியோட மைவால் என்ற வால்வுக்கு 2018-ல இங்கே அனுமதி கிடைச்சது. ஆனாலும் செலவு இன்னும் பல லட்சம், அதுல பெரும்பகுதி வால்வின் விலையேதான். இன்ஷூரன்ஸ் எவ்வளவு குடுக்கும்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

என்ன தப்பாப் போகலாம்?

இப்போ மறுபக்கம். வால்வை விரிக்கும்போது கால்சியத் துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம் வரும். நான் சொன்ன அந்த முதல் பிரிவுல, 30 நாளுக்குள்ள பெரிய பக்கவாதம் டாவியில 5 சதவீதம், மத்தவங்களுக்கு 1.1 சதவீதம். அதுக்கு அப்புறம் கருவிகளும் கைப்பழக்கமும் ரொம்ப மேம்பட்டிருக்கு, ஆனா ரிஸ்க் பூஜ்ஜியம் ஆகலை.

மின் பாதை பக்கத்துலயே இருக்குன்னு சொன்னேன் இல்லையா? வால்வின் சட்டம் அதை அழுத்தினா துடிப்பு மெதுவாகும், நிரந்தர பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரும். சுமாரா பத்துல ஒருத்தருக்கு, வால்வின் வகையைப் பொறுத்துக் கூடவோ குறையவோ. புது வால்வின் ஓரத்துல ரத்தம் கசியலாம். தொடைத் தமனி கிழியலாம். அரிதா கரோனரி வாய் மூடிக்கலாம்.

அப்புறம் ஆயுள். இது திசு வால்வு, காலப்போக்குல இதுவும் தேயும். 82 வயசுக்காரருக்கு அது பெரிய கவலை இல்லை. 55 வயசுக்காரருக்குக் கவலைதான். அதனாலதான் “நெஞ்சைக் கிழிக்க வேண்டாமே, எங்கப்பாவுக்கும் இதையே பண்ணிடுங்க”ன்னு கேட்டா, டாக்டர் சில சமயம் திறந்த அறுவைதான் நல்லதுன்னு சொல்வார். அதுல தப்பில்லை.

முடியுமா, வேணுமா?

அந்த ரூவான் நோயாளிக்குத் திரும்ப வருவோம். வால்வு ஜெயிச்சது, ஆள் பிழைக்கலை.

பார்ட்னர் ஆய்வுல ஆபரேஷனே முடியாத அந்தப் பிரிவை அஞ்சு வருஷம் வரைக்கும் தொடர்ந்து பார்த்தாங்க. வழக்கமான சிகிச்சையில 93.6 சதவீதம் பேர் இறந்திருந்தாங்க. டாவியில 71.8. வித்தியாசம் இருக்கு, உண்மை. ஆனா டாவி பண்ணியும் பத்துல ஏழு பேர் இல்லை. அவங்களுக்கு வால்வு மட்டும் நோயா இருக்கலை. அதே ஆய்வோட ரெண்டு வருஷக் கணக்குல, எஸ்.டி.எஸ் ஸ்கோர் 15-க்கு மேல போனவங்களுக்கு டாவியால ஆயுள் கூடினதாத் தெரியலை.

அதனால 2009-ல இருந்த கேள்வி இப்போ மாறிடுச்சு. அப்போ கேள்வி, “பண்ண முடியுமா?” இப்போ அனேகமா முடியும். இப்போ கேள்வி, “பண்ணா இவருக்கு என்ன கிடைக்கும்?” மூச்சுத்திணறல் போய், தானா எழுந்து குளிச்சு, கோயிலுக்குப் போய் வருவாரா? இல்லை, மறதி நோய் முற்றி, படுக்கையில இருக்கிறவருக்கு ஒரு நல்ல வால்வை மட்டும் வெச்சுவிடப் போறோமா? ரெண்டாவது நிலைமையில “வேண்டாம்”னு சொல்றது கைவிடுறது இல்லை. வலியும் மூச்சுத்திணறலும் இல்லாம பார்த்துக்கிறதும் சிகிச்சைதான்.

இந்த முடிவை ஒரே டாக்டர் எடுக்கக் கூடாது. இதய மருத்துவர், இதய அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசணும். அதுக்கு ஹார்ட் டீம்னு பேர். நீங்க கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஹார்ட் டீம் பார்த்தாங்களா? ஸ்கோர் எவ்வளவு? இந்த ஆஸ்பத்திரியில இதுவரை எத்தனை டாவி பண்ணியிருக்காங்க? பேஸ்மேக்கர் தேவைப்பட்டா செலவு யாருது? ஒரு வருஷம் கழிச்சு இவர் என்ன பண்ணிக்கிட்டு இருப்பார்னு எதிர்பார்க்கிறீங்க?

ஆறாவது கேள்வி டாக்டர்கிட்ட இல்லை, தாத்தாகிட்ட, பாட்டிகிட்ட. “உங்களுக்கு என்ன வேணும்?” எங்க வீட்டுல அன்னைக்கு வராந்தாவுல மாமா, அம்மா, சித்தி எல்லாரும் பேசினோம். உள்ளே கட்டில்ல இருந்தவரை யாரும் கேட்கலை. கேட்டிருந்தாலும் அன்னைக்குக் குடுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்லை, அது வேற. ஆனா கேட்டிருக்கலாம்.

கடைசியா ஒரே ஒரு விஷயம். இந்த நோயை முதல்ல கண்டுபிடிக்கத் தேவைப்படுறது ஒரு ஸ்டெதஸ்கோப். சுருங்கின வால்வு வழியா ரத்தம் போகும்போது ஒரு கரகர சத்தம் கேட்கும். அப்புறம் ஒரு எக்கோ. அவ்வளவுதான். எங்க தாத்தா ரெண்டு வருஷமா மலைக்கோட்டைப் படிகள்ல எங்களுக்கு ரிப்போர்ட் குடுத்துக்கிட்டே இருந்தார்: உச்சி, தாயுமானவர், அடிவாரம். நாங்க அதை வயசுன்னு படிச்சோம்.

இந்த வாரம் ஊருக்கு போன் பண்ணும்போது “சாப்டீங்களா”வோட நிறுத்தாதீங்க. போன வருஷம் பண்ணின எதை இப்போ பண்றதில்லைன்னு கேளுங்க. மாடிக்குத் துணி காயப் போடப் போறாங்களா? மார்க்கெட்டுக்கு நடக்கிறாங்களா, பாதியில நிக்கிறாங்களா? பதில்ல ஏதாவது நெருடுனா, “வயசாயிடுச்சு”ன்னு முடிக்காம ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.